9 கிரவுண்டு போதும், கொடுங்கையூர் பெண்கள் ஆக்கி ஆட!

குரோஷியா நாட்டில் பொரெச் என்று ஒரு கடலோர ஊர். 2025 பிப்ரவரியில் அங்கே உலகக் கோப்பை ஆக்கி நடந்தது. திறந்த மைதானத்தில் அல்ல. கூரைக்குக் கீழே, ஹாலுக்கு உள்ளே. உள்ளரங்க ஆக்கி என்று அதற்குப் பெயர். பெண்கள் பிரிவில் போலந்து கோப்பையைத் தூக்கியது.

"அதுக்கும் கொடுங்கையூருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று மூலக்கடையில் பஸ்சுக்கு நிற்பவர் கேட்பார். கேட்கட்டும். சம்பந்தம் இருக்கிறது.

இந்த உலகக் கோப்பை 2003-ல் ஜெர்மனியின் லீப்சிக் நகரில் தொடங்கியது. 2025 வரை ஏழு முறை நடந்திருக்கிறது. பெண்கள் பிரிவில் முதல் ஆறு கோப்பையையும் ஜெர்மனியும் நெதர்லாந்தும், தெருக்குழாயில் முறை வைத்துத் தண்ணீர் பிடிப்பது போல, மாறி மாறிப் பிடித்துக்கொண்டன. 2003 ஜெர்மனி, 2007 நெதர்லாந்து, 2011 ஜெர்மனி, 2015 நெதர்லாந்து, 2018 ஜெர்மனி, 2023 நெதர்லாந்து. ஏழாவது முறைதான் போலந்து நடுவிலே குடத்தை வைத்தது.

இந்த ஏழிலும் இந்தியப் பெண்கள் எத்தனையாவது இடம்? இடமே இல்லை. ஒரு தடவைகூடப் போய் ஆடவில்லை.

கஜகஸ்தான் பெண்கள் போயிருக்கிறார்கள். தென் ஆப்பிரிக்கா போனதோடு நிற்காமல், 2023-ல் தனது பிரிட்டோரியா நகரில் போட்டியையே நடத்திக் காட்டியது. நமீபியா 2018-ல் பெர்லினுக்குப் போனது. நமீபியாவின் மொத்த ஜனத்தொகையே சுமார் 30 லட்சம்தான். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அதைவிட அதிகம் பேர் குடியிருக்கிறார்கள். ஆக்கி என்றால் நம்ம நாட்டு ஆட்டம் என்று மார்தட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

மூன்றரைக் கிரவுண்டு ஆட்டம்

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் மைதானம் முழுக்கப் பனி. வெளியே ஆட முடியாது. ஜெர்மனிக்காரர்கள் 1950-களில் மட்டையை எடுத்துக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குள் போனார்கள். அப்படி வந்ததுதான் இந்த ஆட்டம்.

வெளி ஆக்கி மைதானம் 91 மீட்டருக்கு மேல் நீளம், 55 மீட்டர் அகலம். உள்ளரங்க ஆக்கிக்கு 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் இருந்தால் தாராளம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் மூன்றரைக் கிரவுண்டு. பெரிய மைதானத்தின் பரப்பு இதைப் போல ஆறு மடங்குக்கு மேல்.

ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரோடு சேர்த்து 6 பேர். பத்துப் பத்து நிமிடமாக நாலு பகுதி. பந்தை ஓங்கி அடிக்கக் கூடாது, தள்ளத்தான் வேண்டும். கோலுக்கு அடிக்கும்போது தவிர வேறு எப்போதும் பந்து தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. இரண்டு பக்கமும் நாலு அங்குல உயரத்தில் மரச் சட்டம் ஓடும். பந்து அதில் பட்டுத் திரும்பி வரும், ஆட்டம் நிற்காது. கேரம் போர்டில் காயைக் கட்டையில் அடித்துத் திருப்பிக் குழியில் போடுகிறோமே, அதே வித்தைதான். சட்டத்தில் எந்தக் கோணத்தில் தட்டினால் எங்கே போகும் என்று கணக்குப் போடுகிற மூளை வேண்டும். குறுகின இடத்தில் சட்டென்று திரும்புகிற கால் வேண்டும்.

தெருவிலே, சந்திலே, மாடிப்படிக்குக் கீழே விளையாடி வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வரும்.

இரண்டரை அடி பலகையில் உலகம்

கேரம் என்று சொன்னதும் வட சென்னைக்காரர் நிமிர்ந்து உட்காருவார். அதற்கு உரிமை உண்டு.

வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்சில் நடந்த உலக சாம்பியன்ஷிப் கேரமில் பட்டம் வென்றார். அவருடைய அப்பா மீன்பாடி வண்டி மிதித்தவர். 2024 நவம்பரில் புது வண்ணாரப்பேட்டை காசிமா அமெரிக்கா போய் மூன்று தங்கத்தோடு திரும்பினார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். தமிழக அரசு காசிமாவுக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அடுத்த வருஷமே, 2025-ல், காசிமேட்டுக் கீர்த்தனா மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார்.

மூன்று பெண்கள். மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பேட்டை. சபாஷ் போட்டாகிவிட்டது, மாலை போட்டாகிவிட்டது. ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஏன் எல்லாம் கேரமாகவே இருக்கிறது?

கேரம் போர்டுக்கு இடம் வேண்டியது இரண்டரை அடிக்கு இரண்டரை அடி. சுற்றி உட்கார நாலு நாற்காலி, தலைக்கு மேலே ஒரு பல்பு. வட சென்னையில் ஒரு பெண் பிள்ளைக்கு எந்தத் தடையும் இல்லாமல் கிடைக்கிற விளையாட்டு இடம் அவ்வளவுதான். அந்த இடத்துக்குள்ளேயே உட்கார்ந்து உலகத்தை ஜெயித்துவிட்டார்கள். இரண்டரை அடி கொடுத்ததற்கே இவ்வளவு என்றால், மூன்றரைக் கிரவுண்டு கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க யாருக்கும் ஆசை வரவில்லையா?

ராணிக்கு இருந்தது

இளவழகியின் கதையை அப்படியே அரியானாவில் வைத்துப் பாருங்கள். ஷாஹாபாத் என்று ஒரு சிறிய ஊர். அங்கே வண்டி இழுக்கிற தொழிலாளி ஒருவர். அவருடைய மகள் ராணி ராம்பால். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஆக்கி அணிக்குக் கேப்டன்! 2021 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று கால் இறுதியில் வீழ்த்திவிட்டு, நாலாவது இடத்தோடு திரும்பிய அணி அது.

இங்கே மீன்பாடி வண்டி, அங்கே கட்டை வண்டி. இரண்டு வீட்டிலும் கஷ்டம் ஒன்றுதான். ஆனால் ஷாஹாபாத்தில் ஆக்கி ஆட ஒரு மைதானம் இருந்தது. பல்தேவ் சிங் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். அந்த ஊரிலிருந்து ஒரு பெண் வரவில்லை, வரிசையாக வந்தார்கள். ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டமும் அதே கதைதான். சலீமா டேட்டே அங்கிருந்து வந்தவர். ஆதிவாசிக் கிராமத்துப் பெண்கள் மூங்கில் கழியில் ஆடத் தொடங்கி இந்திய அணி வரை போனார்கள்.

2024 ஜனவரியில் மஸ்கட்டில் ஐவர் ஆக்கி உலகக் கோப்பை நடந்தது. சின்னக் களம், பக்கத்துக்கு ஐந்தே பேர். உள்ளரங்க ஆக்கிக்குத் தங்கச்சி மாதிரி. அதில் இந்தியப் பெண்கள் இறுதிப் போட்டி வரை போய், நெதர்லாந்திடம் 2-7 என்று தோற்று இரண்டாவது இடம் பிடித்தார்கள். ஏழு கோல் வாங்கினது வருத்தம்தான். ஆனாலும் உலகத்தில் இரண்டாவது! அந்த அணியின் கேப்டன், கோல்கீப்பர் ரஜனி எதிமார்பு. எந்த ஊர் தெரியுமா? சித்தூர் சீமை. மூலக்கடையிலிருந்து ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்தால் எட்டிப் பிடிக்கிற தூரம். சின்னக் களத்து ஆட்டம் நம்ம பெண்களுக்குப் பொருந்தும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அதே மாதத்தில்தான் ராஞ்சியில் ஜப்பானிடம் 0-1 என்று தோற்று, பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பையும் பெண்கள் அணி கோட்டைவிட்டது. பெரிய மைதான ஆக்கியில் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருக்கிறது. 1980 மாஸ்கோவில் நாலாவது, 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 2002 மான்செஸ்டரில் காமன்வெல்த் தங்கம். நடுவிலே நீண்ட இருட்டு. ஐரோப்பாக்காரர்கள் குளிர்காலம் பூராவும் ஹாலுக்குள் ஆடி, பந்தைக் காலடியில் கட்டிவைக்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு, கோடையில் வெளியே வந்து நம்மைத் தோற்கடிக்கிறார்கள். இது பரம ரகசியம் ஒன்றும் இல்லை. ஆக்கி நடத்துகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

எழும்பூரில் ஆண்கள், ராஞ்சியில் பெண்கள்

சென்னைக்கு ஆக்கி புதுசு இல்லை. மாஸ்கோவில் இந்தியா கடைசியாக ஒலிம்பிக் தங்கம் வாங்கியபோது ஆண்கள் அணிக்குக் கேப்டன் நம்ம சென்னை வாசுதேவன் பாஸ்கரன். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் 1996-லும் 2005-லும் சாம்பியன்ஸ் டிராபி, 2007-ல் ஆசியக் கோப்பை, 2023-ல் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி என்று ஜேஜே கூட்டம். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை, மதுரையையும் சேர்த்துக்கொண்டு. அரசு தாராளமாகச் செலவு செய்தது. பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் இந்த ஐந்தும் ஆண்கள் போட்டி. பெண்களுக்கான ஆசிய சாம்பியன்ஸ் டிராபி 2023-ல் ராஞ்சிக்குப் போனது. 2024-ல் பீகாரின் ராஜ்கிருக்குப் போனது. இரண்டிலும் இந்தியாதான் சாம்பியன். தமிழ்நாட்டுப் பெண் பிள்ளைகள் அதை டெலிவிஷனில்தான் பார்த்தார்கள்.

எழும்பூர் ஸ்டேடியம் கொடுங்கையூர் சிறுமிக்குப் பக்கத்திலா இருக்கிறது? நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். மட்டையையும் பையையும் தூக்கிக்கொண்டு சாயங்கால பஸ்சில் நசுங்கி, வியாசர்பாடி பாலத்து நெரிசலையும் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் பொழுது சாயும். திரும்பி வர எட்டரை, ஒன்பது. எந்த அம்மா அனுப்புவாள்? அனுப்பாத அம்மாவைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. எட்டாவது வரை ஓடி ஆடின பிள்ளை ஒன்பதாவதில் வீட்டோடு நின்றுபோவதற்குத் தூரமும் இருட்டும்தான் பெரிய காரணம். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஆட்டம்?" என்கிற பேச்சு அதற்கு அப்புறம்தான் வரும்.

மழை வேறு. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இந்த இரண்டையும் வட சென்னை மறக்காது. பெருமழைக்குப் பிறகு பள்ளிக்கூட மைதானம் குளமாகும். குளம் வற்றினால் சேறு. கூரை போட்ட ஹால் இருந்தால் ஐப்பசி, கார்த்திகையிலும் ஆட்டம் நிற்காது. வெள்ளம் வந்தால் ஜனங்கள் ஒதுங்கவும் அதே ஹால் உதவும்.

குப்பை போன பிறகு யாருக்கு நிலம்?

இடத்துக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் கையை விரிப்பார்கள். கொடுங்கையூரில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல முடியாது.

அந்தக் குப்பை மேடு ஊர் பூராவும் தெரிந்த விஷயம். முத்தமிழ் நகர், எழில் நகர், ஆர்.ஆர். நகர் ஜனங்கள் நாற்பது வருஷமாக அதன் வாடையோடும், அது தீப்பிடிக்கிறபோது புகையோடும் குடித்தனம் நடத்துகிறார்கள். இப்போது பயோமைனிங் என்ற முறையில் பழைய குப்பையைக் கிளறிப் பிரித்து அப்புறப்படுத்துகிற வேலையை மாநகராட்சி எடுத்துக்கொண்டிருக்கிறது. சுமார் 66 லட்சம் டன் குப்பை. சுமார் ரூ.640 கோடி செலவு. மீட்கப்போகிற நிலம் சுமார் 250 ஏக்கர்.

250 ஏக்கர்! ஒரு ஏக்கருக்கு 18 கிரவுண்டு என்றால் நாலாயிரத்து ஐந்நூறு கிரவுண்டு.

அந்த நிலத்தில் என்ன வரப்போகிறது என்பதில்தான் சண்டை. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிற ஆலைக்கு மாநகராட்சி திட்டம் போட்டது. 2025 மே மாதம் வட சென்னை ஜனங்கள் மனிதச் சங்கிலியாக நின்று வேண்டாம் என்றார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஊர்க் குப்பையை எல்லாம் நாற்பது வருஷம் சுமந்தவனுக்கு, குப்பை போன பிறகு சாம்பலைப் பரிசாகக் கொடுப்பது என்ன நீதி? எண்ணூரில் அனல் மின் நிலையம், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, திருவொற்றியூரில் புகை. எல்லாம் இந்தப் பக்கத்துக்குத்தானா?

நாலாயிரத்து ஐந்நூறு கிரவுண்டில் ஒன்பது கிரவுண்டு கேட்டால் அதிகமா? அரை ஏக்கர். அதில் களம், களத்தைச் சுற்றிக் கொஞ்சம் ஓட்ட இடம், ஒரு பக்கம் உட்கார்ந்து பார்க்கப் படிக்கட்டு, உடை மாற்ற அறை, சைக்கிள் நிறுத்த இடம் எல்லாம் அடங்கிவிடும். ஆக்கி ஆடாத நேரத்தில் கபடி, வாலிபால், பாட்மின்டன். கேரம் போர்டு நாலு போட்டாலும் வேண்டாம் என்று யார் சொல்வார்?

குப்பை முழுக்கப் போகிற வரை பிள்ளைகளை அந்த வாடையில் ஆடவிடக் கூடாது என்பதும் உண்மை. அதுவரைக்கும் மணலி நெடுஞ்சாலைப் பக்கமோ கண்ணதாசன் நகர்ப் பக்கமோ மாநகராட்சிக்குச் சொந்தமான இடம் ஒன்றைப் பார்க்கட்டும். வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று 2024 மார்ச்சில் ரூ.4,181 கோடியில் பெரிதாகத் தொடங்கினார்களே, சி.எம்.டி.ஏ. முன்னின்று நடத்துகிற திட்டம், அதில் ஒரு ஓரமாக இந்தச் செலவு உட்கார்ந்துவிடும்.

மண்டபமாகிவிடக் கூடாது

ஹால் என்று ஒன்று கட்டினால் நம்ம ஊரில் அதற்கு ஒரு ஆபத்து உண்டு. திறப்பு விழா நடக்கும், கல்வெட்டு வைப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் காதுகுத்தும் வளைகாப்பும் நடந்துகொண்டிருக்கும். பளபளவென்று கிரானைட் தரை போட்டுவிட்டால் சந்தேகமே வேண்டாம், அது கல்யாண மண்டபம்தான். ஆக்கிக்குக் கிரானைட் ஆகாது; முழங்கால் பெயர்ந்துவிடும். மரத் தரையோ ரப்பர் போன்ற மெத்தென்ற தரையோ வேண்டும். டெண்டர் விடும்போதே இதை எழுதிவைக்க வேண்டும். நாலு அங்குல மரச் சட்டத்தையும் மறக்காமல் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளரங்க ஆக்கியே இல்லை.

சட்டம் இரண்டு பக்கமும் சேர்த்து 80 மீட்டர் ஓடும். அதில் விளம்பரம் எழுதலாம். எம்.ஆர். நகர் மளிகைக் கடைக்காரரும் மூலக்கடை பாத்திரக் கடைக்காரரும் நாலு அங்குலத்துக்குள் கடைப் பெயர் எழுதிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு டஜன் மட்டை வாங்கிக் கொடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் லாபம்.

பயிற்சியாளர் சம்பளத்தை அரசுதான் ஏற்க வேண்டும். ஆக்கி ஆடினால் வேலை உண்டா என்று பெற்றோர் கேட்பார்கள். உண்டு. பெண்கள் ஆக்கியில் ரெயில்வே அணி பல காலமாகக் கொடிகட்டிப் பறக்கிறது. அதில் ஆடுகிறவர்கள் எல்லாம் ரெயில்வே உத்தியோகஸ்தர்கள். தமிழக அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. பெரம்பூரைச் சுற்றி ரெயில்வே குடும்பங்கள் எத்தனை! அந்த வீடுகளில் இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை.

விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், மாநகராட்சி, சி.எம்.டி.ஏ. மூன்றும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் இடத்தைக் குறித்துவிடலாம். குறிக்கும்போது சில சில்லறை விஷயங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளட்டும். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஏழரை வரை ஹால் பெண்களுக்கு மட்டும். உடை மாற்றும் அறைக்கு உள்ளே இருந்து போடுகிற தாழ்ப்பாள். தண்ணீர் வருகிற கழிவறை. ஹால் வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும், எரிகிற தெருவிளக்கு.